பதினைந்து வயதை நெருங்கும் செடான்: வாங்குமுன் பார்க்க வேண்டியவையும் வாங்கிய பின் ஆகும் செலவுகளும்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து இன்ஜினைப் பார்க்கிறார்கள். அடுத்துக் குனிந்து மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியவைதான். ஆனால் பன்னிரண்டு, பதினான்கு வயதான ஒரு பெட்ரோல் செடானில் உரிமையாளரின் பணத்தை மெல்ல மெல்ல விழுங்குபவை பெரும்பாலும் இன்ஜினுக்குள் இருப்பதில்லை. ஓட்டம் இரும்பைத் தேய்க்கும். வயதோ ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் எண்ணெய்களையும் கெடுக்கும். நல்ல இன்ஜினின் இரும்பு இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் தாங்குகிறது. வெயிலில் நின்ற காரின் ரப்பர், ஓடினாலும் ஓடாவிட்டாலும் பத்து ஆண்டுகளில் வெடித்துவிடுகிறது. எனவே, “டாக்டர் வைத்திருந்த கார், நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கிறது” என்று புரோக்கர் சொல்லும்போது மகிழ்வதற்கு அவசரப்பட வேண்டாம். ஒழுங்காக சர்வீஸ் செய்து ஒரு லட்சத்து இருபதாயிரம் ஓட்டப்பட்ட அதே வயதுக் காரை விட, ஷெட்டில் நின்றே மூப்படைந்த அந்தக் கார் முதல் ஆண்டில் கூடுதலாகச் செலவு வைக்கலாம்.

பொதுவாகப் பேசினால் எந்தக் காருக்கும் பொருந்தாத அறிவுரையாகிவிடும் என்பதால், தமிழ்நாட்டுச் சந்தையில் இன்றும் தாராளமாகக் கிடைக்கும் ஒரு காரை முன்மாதிரியாக வைத்துக்கொள்கிறேன். 2008 செப்டம்பரில் அறிமுகமாகி, 2014 தொடக்கத்தில் அடுத்த தலைமுறை வரும்வரை இந்தியாவில் விற்பனையான மூன்றாம் தலைமுறை ஹோண்டா சிட்டிதான் அது. 1,497 சி.சி. கொள்ளளவும் 118 குதிரைத்திறனும் கொண்ட பெட்ரோல் இன்ஜின், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், மின்சார பவர் ஸ்டியரிங், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் பிரேக் என எளிமையான அமைப்பு. நம் ஊர் மெக்கானிக்குகள் பலரும் கைவைத்துப் பழகிய கார். இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி அதே காலத்து வெர்னா, எஸ்எக்ஸ்4, வென்டோ போன்ற பெட்ரோல் செடான்களுக்கும் பொருந்தும். டீசல் கார்களின் இன்ஜெக்டர், டர்போ கணக்குகள் வேறு. அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் காகிதம்

தனிப்பயன் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். 2009இல் பதிவான கார் 2024இலேயே அந்த வரம்பைத் தொட்டுவிட்டது. 2013இல் பதிவானது 2028இல் தொடும். அதன் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கு 5,000 ரூபாய் ஆனது. 20 வயதைக் கடந்த கார்களுக்கு 2025இல் அதுவும் இரட்டிப்பானது. பதிவு முடிவதற்கு 60 நாட்களுக்கு முன்பிருந்தே படிவம் 25இல் விண்ணப்பிக்கலாம். தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் வீதம் ஏறும். தமிழ்நாட்டில் இத்துடன் பசுமை வரியும் உண்டு. பதிவு முடிந்து ஒன்றரை ஆண்டாக நிற்கும் காரை “ரினியூவல் மட்டும் பண்ணிக்கோங்க சார்” என்று யாராவது விற்க முன்வந்தால், அந்த “மட்டும்” என்ற சொல்லுக்குள் அபராதமும், வண்டியைச் சோதனையில் தேற்றுவதற்கான டிங்கரிங் செலவும், அலைச்சலும் அடங்கியிருக்கின்றன என்று கொண்டு விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும்.

டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் பின்னர் உச்ச நீதிமன்றமும் விதித்த தடையை முன்னிட்டு, அந்தப் பக்கத்துக் கார்கள் குறைந்த விலைக்குத் தெற்கே வருவது வழக்கமாகிவிட்டது. அத்தகைய கார் ஐம்பதாயிரம் மலிவாகத் தோன்றினாலும், என்.ஓ.சி. (பழைய ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று) வாங்குவது, இங்கே சாலை வரி கட்டுவது, புதிய எண் பெறுவது ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். மாநிலத்துக்குள் பதிவான காரையே தேடுவது நல்லது. கடன் முடிந்தும் ஆர்.சி. எனும் பதிவுச் சான்றில் ஹைபோதிகேஷன் (கடன் கொடுத்தவரின் உரிமைக் குறிப்பு) நீக்கப்படாமல் இருக்கிறதா, கட்டாத அபராதங்கள் இருக்கின்றனவா என்பதைப் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இன்னொரு சோதனை கட்டணமில்லாதது. ஆனால் பலர் செய்வதில்லை. டகாடா நிறுவனத்தின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்கள் (ஏர்பேக்கை விரியச் செய்யும் கருவிகள்) உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது, இந்தியாவில் இந்தத் தலைமுறை சிட்டியும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த இன்ஃப்ளேட்டர்களில் பயன்பட்ட அம்மோனியம் நைட்ரேட், நீண்ட காலம் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் ஆட்பட்டால் நிலைகெட்டு, ஏர்பேக் விரியும் தருணத்தில் உலோக உறையையே சிதறடித்து ஓட்டுநரைக் காயப்படுத்தக்கூடும். வெப்பமும் ஈரமும் ஒருங்கே கூடிய ஊர்கள் சென்னையும் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டால் அந்தக் காருக்கு மாற்றம் நிலுவையில் உள்ளதா என்று தெரிந்துவிடும். நிலுவையில் இருந்தால், எத்தனையாவது உரிமையாளராக இருந்தாலும் இலவசமாகவே மாற்றித் தருவார்கள்.

காலையில் போங்கள், சூடாகாத வண்டியைப் பாருங்கள்

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது ஒன்றுதான்: நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இரவெல்லாம் நின்று குளிர்ந்த இன்ஜின் மறைக்காமல் பேசும். சாவியைத் திருப்பியதும் சில விநாடிகள் முன்பக்கமிருந்து சங்கிலி உரசுவது போன்ற ஓசை வந்து அடங்கினால் டைமிங் செயினோ அதன் டென்ஷனரோ தளர்ந்திருக்கிறது. ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட கார்களில்தான் இது அதிகம். முதல் நொடியில் நீலப்புகை ஒரு கொத்தாக வந்து மறைந்தால் வால்வு சீல்கள் இறுகிப் போயிருக்கின்றன. உடனே பதற வேண்டிய கேடில்லை. ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்துந்தோறும் நீலப்புகை தொடர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்தக் காரை விட்டுவிடலாம். காலைக் குளிரில் வெளிவரும் நீராவியையும், இன்ஜின் சூடான பின்னும் நிற்காமல் இனிப்பு வாடையுடன் வரும் வெண்புகையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்னது கூலண்ட் எரிவதன் அடையாளம். ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேற்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் இடையிலுள்ள பேக்கிங்) போய்விட்டது என்று பொருள்.

இந்த ஹோண்டா இன்ஜினில் டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை, கையால் சரிசெய்ய வேண்டும். தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு இதில் இல்லை. ஏறத்தாழ 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, இன்ஜின் நன்கு குளிர்ந்த நிலையில், ஃபீலர் கேஜ் வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது. வெளியே மெக்கானிக்கிடம் செய்தால் பெரிய செலவில்லை என்றாலும் பெரும்பாலான கார்களில் வாழ்நாளில் ஒருமுறைகூட இது நடந்திருப்பதில்லை. இடைவெளி அதிகமானால் ‘டக் டக்’ என்று சத்தம் வரும். அதனால் பெரிய கேடு இல்லை. இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. வால்வு முழுதாக மூடாமல் மெல்ல எரிந்துபோகும். சத்தமில்லாத இன்ஜின் நல்ல இன்ஜின் என்ற நம்பிக்கை பொய்யாகும் இடம் இது. எரிவாயு கிட் பொருத்தி ஓட்டிய கார் என்றால் இதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆயில் மூடியின் உட்புறத்தில் பால்கோவா போலப் படிந்திருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கலாம். டேப்பெட் கவரின் ஓரத்தில் ஆயில் கசிந்து தூசு ஒட்டியிருப்பது அந்த வயதுக்கு இயல்பு; பேக்கிங் மாற்றினால் சரியாகிவிடும். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுவது அப்படியல்ல. அந்த சீலை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். எனவே கிளட்ச் மாற்றும் நாள் வரும்வரை பொறுத்திருந்து, இரண்டையும் ஒரே கூலியில் முடிப்பதுதான் சிக்கனம்.

கூலிங்: எல்லாவற்றையும் விட முக்கியம்

பழைய காரில் ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் பணம் செலவிட முடியும் என்றால், யோசிக்காமல் கூலிங் அமைப்புக்குத்தான் செலவிடுவேன். இந்த சிட்டியின் இன்ஜின் முழுக்க அலுமினியம். பழைய அம்பாசிடரின் இரும்பு இன்ஜின் கொதித்தால் ஓரமாக நிறுத்தித் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகலாம். அலுமினிய ஹெட் ஒருமுறை நன்றாகக் கொதித்தால் வளைந்துவிடும். வளைந்ததைக் கழற்றி, லேத்தில் கொடுத்து மட்டப்படுத்தி, கேஸ்கெட் மாற்றிப் பூட்டுவதற்குள் கைக்கு வரும் பில், ஒரு ரேடியேட்டரின் விலையைப் போலப் பல மடங்கு இருக்கும்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. இந்தத் தலைமுறை சிட்டியின் டேஷ்போர்டில் வெப்பத்தைக் காட்டும் முள் கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒரு நீல விளக்கு, அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு, இடையில் ஒன்றுமில்லை. சிவப்பு எரியும்போது ஏற்கெனவே காலம் கடந்திருக்கலாம். கூலண்ட் முழுதும் கசிந்து போயிருந்தாலோ, சென்சாரைத் தொட நீரே இல்லாமல் அந்த விளக்கும் எரியத் தாமதிக்கக்கூடும். ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கும் ஓ.பி.டி. (காரின் கணினியிலிருந்து தகவலைப் படிக்கும்) புளூடூத் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, கைப்பேசியில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம். இயல்பான ஓட்டத்தில் 85 முதல் 95 டிகிரி வரை நிற்க வேண்டும். நெரிசலில் நிற்கும்போது நூறைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஃபேனையோ ரேடியேட்டரையோ சந்தேகிக்க வேண்டும்.

நம் ஊரில் கூலிங் அமைப்பைக் கெடுக்கும் முதற்காரணம் போர் தண்ணீர். கூலண்ட் குறைந்ததும் பெட்ரோல் பங்க்கில் இருக்கும் குழாயிலிருந்து பிடித்து ஊற்றுகிறார்கள். அந்தக் கடினநீரின் உப்பு ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்து, தேநீர்க் கெட்டிலின் அடியில் படிவதைப் போலப் பாறையாகிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கும்போது (குளிர்ந்த நிலையில் மட்டும்) நீலமோ பச்சையோ தெளிவாக இருந்தால் நல்லது. துருநிறக் குழம்பாக இருந்தால் முழுவதையும் சுத்தம் செய்து, ரேடியேட்டர் மூடி, மேல் கீழ் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட் ஆகியவற்றை ஒரே முறையில் மாற்றிவிடுவது உத்தமம். ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக். அலுமினியத்துடன் அது சேரும் மடிப்பில்தான் முதலில் விரிசல் விடும். அந்த மடிப்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், அது கசியத் தொடங்கிவிட்டது. எம்சீல் வைத்து அடைத்த ரேடியேட்டரையும் பார்த்திருக்கிறேன். அந்த அடைப்பு நீடிப்பது பெரும்பாலும் வண்டி கைமாறும் வரைதான்.

ஏ.சி.

சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத செடானை யாரும் ஓட்டுவதில்லை என்பதால் இதைச் சொகுசுச் செலவாகக் கருத முடியாது. “கேஸ் கம்மியா இருக்கு, ஏத்திட்டா ஐஸ் மாதிரி அடிக்கும்” என்று விற்பவர் சொன்னால், அப்படியானால் நீங்களே ஏற்றித் தந்துவிடுங்கள் என்று கேளுங்கள். கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருள் அல்ல. மூடிய அமைப்பில் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. முன்னால் ரேடியேட்டருக்கும் முன்பாக நிற்கும் கண்டன்ஸர் கல்லடி பட்டு ஒழுகினால் செலவு நடுத்தரம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் ஒழுகினால் பாதி டேஷ்போர்டைக் கழற்ற வேண்டியிருப்பதால், பொருளின் விலையோடு கூலியும் ஏறும். திரும்பப் பூட்டிய பின் மேடுபள்ளத்தில் பிளாஸ்டிக் கீச்சிடுவது அதற்கான இலவச இணைப்பு. கம்ப்ரஸர் போனால் எல்லாவற்றையும் விடச் செலவு அதிகம். ஒழுக்கைக் கண்டுபிடிக்காமல் ஆண்டுதோறும் கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தால், கேஸுடன் சேர்ந்து ஆயிலும் வெளியேறி இறுதியில் கம்ப்ரஸரே பலியாகும். நைட்ரஜன் அழுத்தம் ஏற்றி ஒழுக்கைத் தேடும் ஏ.சி. மெக்கானிக்கிடம் மட்டும் போக வேண்டும் என்பது என் பிடிவாதம்.

சோதனை ஓட்டத்தில் ஏ.சி.யைப் போட்டு, வெயிலில் பத்து நிமிடம் நின்ற நிலையில் இயக்கிப் பாருங்கள். ஓடும்போது குளிர்ந்து, நின்றதும் சூடான காற்று வந்தால் கண்டன்ஸர் ஃபேனில் குறை இருக்கலாம். அதே நேரத்தில் ஸ்டியரிங்கும் கியர் நெம்புகோலும் நடுங்கினால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர்கள் நைந்திருக்கின்றன. அல்லது திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறது. முதலில் திராட்டிலைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவதுதான் எந்தப் பழுதுக்கும் முறை.

கீழே படுத்துப் பார்க்க வேண்டியவை

வேகத்தடையை ஒரு பக்கச் சக்கரங்களால் மட்டும் மெதுவாக ஏறி இறங்குங்கள். ‘டொக்’ என்ற ஒற்றைச் சத்தம் வந்தால் பெரும்பாலும் லிங்க் ராட். அது சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். கனமாக ‘தட்’ என்று வந்தால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது பால் ஜாயிண்ட். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடுவது போல் உணர்ந்தால் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்டிங். கரடுமுரடான சாலையில் ஸ்டியரிங் கையில் ‘கட கட’ என்று தட்டினால், ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ராக். மின்சார ஸ்டியரிங் ராக்கைப் புதிதாக வாங்கினால் கண்ணைக் கட்டும் விலை. ஆனால் பலவற்றில் உள்ளே இருக்கும் புஷ்ஷை மட்டும் மாற்றிச் சத்தத்தை அடக்கித் தரும் ஆட்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். தரை இடைவெளி குறைந்த கார் என்பதால் வயிற்றில் அடிபட்ட தழும்புகள் இருக்கும். சைலன்ஸரில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆயில் சம்ப்பிலும் சேசிஸ் நெடுஞ்சட்டத்திலும் இருந்தால் பொறுக்கக் கூடாது.

முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஆக்ஸில் பூட் என்னும் ரப்பர் உறையைக் கையால் தொட்டுப் பாருங்கள். அது கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போகும். உறையாக இருக்கும்போதே மாற்றினால் ஆயிரம் இரண்டாயிரத்தில் முடியும். விட்டுவிட்டால், வண்டியை முழுதாகத் திருப்பும்போது ‘கடக் கடக்’ என்று ஜாயிண்டே குரல் கொடுக்கும்; பிறகு முழு ஆக்ஸிலையும் தேட வேண்டும். பழைய காரின் பராமரிப்பு முழுவதும் இந்தக் கதைதான்: இருநூறு ரூபாய் ரப்பரைத் தவறவிட்டு இருபதாயிரம் ரூபாய் இரும்பை மாற்றுவது.

கிளட்சைச் சோதிக்க, மூன்றாம் கியரில் நாற்பது வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்துங்கள். இன்ஜின் அலறி, வேகம் மட்டும் ஏறாமல் நின்றால் பிளேட் தேய்ந்துவிட்டது. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கூலியோடு பத்தாயிரத்துக்கு மேல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் மாடலாக இருந்தால், கியர் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு பில் கேளுங்கள். பில் இல்லாத ஆட்டோமேட்டிக், கியர் விழும்போது உதைத்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

பிரேக்கில் பேடும் ஷூவும் தேயும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் கொடைக்கானலோ ஊட்டியோ இறங்கும்போது அது கொதித்துப் பெடல் பஞ்சாகிவிடும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் மேற்பரப்புப் பள்ளம்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறேழு ஆண்டைக் கடந்த டயரை நெடுஞ்சாலை வேகத்துக்கு நம்பக் கூடாது. நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசலாம். கண்முன் தெரியும் எண் என்பதால் விற்பவராலும் மறுக்க முடியாது.

வெள்ளத்தில் நின்ற கார்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. அவை எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடவில்லை. சீட் பெல்ட்டை முழுதுமாக, சுருளின் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். விற்பவர் இருக்கையைத் துவைத்திருப்பார், பெல்ட்டின் அடிச்சுருளைத் துவைக்க மறந்திருப்பார். ஸ்டெப்னி இருக்கும் குழியில் மண் கோடு, இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, ஏ.சி. போட்டதும் வரும் ஈரக் கோணி வாடை ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அத்தகைய காரில் இன்ஜினைச் சரிசெய்துவிடலாம். கம்பளத்துக்கு அடியில் ஓடும் ஒயரிங்கில் பச்சை பிடிப்பதை யாராலும் நிறுத்த முடியாது. ஒரு நாள் ஜன்னல் இறங்காது, மறுநாள் ஏர்பேக் விளக்கு எரியும், மூன்றாம் நாள் காரணமே இல்லாமல் வண்டி நிற்கும்.

கடற்கரை ஊர்க் கார்களுக்கு வெள்ளமே தேவையில்லை, உப்புக்காற்று போதும். கதவுகளுக்குக் கீழே ஓடும் சட்டம், சக்கர வளைவின் உள்விளிம்பு, டிக்கியின் அடித்தகடு ஆகியவற்றைத் தட்டிப் பாருங்கள். தகரச் சத்தம் வராமல் மண்சுவரைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்டால் அங்கே பட்டி பூசியிருக்கிறார்கள்.

ஓர் ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்?

வாங்கிய முதல் மாதத்தில், முந்தைய உரிமையாளர் என்ன சொன்னாலும், பில் இல்லாத எல்லாவற்றையும் மாற்றாதவையாகவே கருதுங்கள். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், எல்லா ஃபில்டர்கள், ஸ்பார்க் பிளக்குகள், பக்கவாட்டு பெல்ட், டேப்பெட் சரிசெய்தல் வரை நம்பிக்கையான தனியார் ஒர்க்‌ஷாப்பில் பதினைந்திலிருந்து இருபதாயிரத்துக்குள் முடியும். அதன்மேல் டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் ரப்பர்கள், பிரேக் என்று சேர்ந்தால் எழுபதாயிரம் வரை போகலாம். ஆகவே கையில் மூன்று லட்சம் இருப்பவர் மூன்று லட்ச ரூபாய்க் காரைப் பார்க்கக் கூடாது. இரண்டே கால் லட்சக் காரைப் பார்க்க வேண்டும்.

தொடர்செலவில் பெட்ரோலே பெரும்பங்கு. ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர், நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து லிட்டருக்கு 12 கிலோமீட்டர், சென்னையில் லிட்டர் ஏறத்தாழ 101 ரூபாய் என்று வைத்தால் 67,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் மைலேஜ் சற்றுக் குறைந்ததாகப் பலரும் சொல்வதில் வியப்பில்லை. எத்தனாலில் பெட்ரோலை விட ஆற்றல் குறைவு. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல கார்களின் எரிபொருள் ரப்பர் குழாய்களும் ஓ-ரிங்குகளும் இந்தக் கலவைக்கென்று வடிவமைக்கப்பட்டவை அல்ல. எனவே பெட்ரோல் வாடை அடித்தால், எங்கே என்று தேடி அந்தக் குழாயை அன்றே மாற்றுங்கள். மறுநாள் வரை வைத்திருக்கும் வேலை அல்ல அது.

1,000 முதல் 1,500 சி.சி. வரையான காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டின் அடிப்படைக் கட்டணம் 2022 ஜூனில் 3,416 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் சுமார் 4,030. உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்குத் தனியே சில நூறு. இத்தனை வயதான காருக்கு முழுக் காப்பீடு எடுப்பதில் எனக்கு ஐயம் உண்டு. 10 ஆண்டைக் கடந்த காரின் உலோகப் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதியைக் கழித்துக்கொள்வார்கள். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பாதிதான். பம்பரும் முகப்பு விளக்கும் உடைந்து முப்பதாயிரம் செலவானால், கைக்கு வருவது கூலியோடு சேர்த்து ஏறத்தாழ அதில் பாதி. ஆனாலும் வெள்ளம் வரும் பகுதியில் தெருவில் நிறுத்துபவர்களும், திருட்டுக்கு அஞ்சுபவர்களும் எடுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. பழைய உரிமையாளரின் காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள மறக்க வேண்டாம். மறந்தால் உங்கள் வண்டிக்கான இழப்பீடு கைக்கு எட்டாது.

ஆண்டு சர்வீஸுக்கு ஒன்பதாயிரம், தேய்மானப் பாகங்களுக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டியது இருபத்திரண்டாயிரம், காப்பீடு, புகைச் சான்றிதழ், சில்லறைக்கு எட்டாயிரம் என்று பெட்ரோல் செலவோடு கூட்டினால் எல்லாமாக ஒரு லட்சத்து ஆறாயிரம். கிலோமீட்டருக்குப் பதின்மூன்று ரூபாய்க்குச் சற்று மேல். அந்த இருபத்திரண்டாயிரம் சில ஆண்டுகளில் செலவாகாது. செலவாகாத ஆண்டில் அதை லாபமென்று எண்ணிவிட்டால், கிளட்சும் ஷாக் அப்சார்பரும் ஒரே ஆண்டில் கைகோத்து வரும்போது கடன் வாங்க நேரும்.

உதிரிப் பாகங்களை வாங்கும்போது எங்கே சிக்கனம், எங்கே கூடாது என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கதவுக் கண்ணாடி, முகப்பு விளக்கு, கைப்பிடி, டிக்கி மூடி போன்றவற்றை சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றிய பாகமாகவே வாங்கலாம். நிறமும் ஒத்துப்போனால் பெயிண்ட் செலவும் மிச்சம். பிரேக், ஸ்டியரிங், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, இன்ஜின் மவுண்டிங் ஆகியவற்றில் நிறுவனத்தின் அசல் பாகமோ, நிறுவனத்துக்கே தயாரித்துத் தருபவர்களின் பாகமோ அன்றி வேறெதுவும் வாங்கக் கூடாது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் பின்னதை அதே தரத்தில் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்கலாம். ஆனால் பாக எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். “சிட்டிக்கு ஒரு லிங்க் ராட்” என்று கேட்டால் எந்தத் தலைமுறைச் சிட்டிக்கானதோ வந்துசேரும்.

எந்த நாளில் என்ன மாற்றினோம், மீட்டரில் எத்தனை, எவ்வளவு கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி, பில்களையும் அதிலேயே ஒட்டி வையுங்கள். விற்கும்போது அந்த நோட்டுக்கு விலை உண்டு என்பது ஒருபுறமிருக்க, எப்போது நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் அதுதான் காட்டும். ஒரே ஆண்டில் வந்த பழுதுச் செலவு, காரை இன்று விற்றால் கிடைக்கும் விலையில் பாதியைத் தொட்டால், அடுத்த பெரிய வேலையைத் தொடங்குமுன் நாலு பேரிடம் விலை கேட்டுப் பாருங்கள். விற்கவும் வழியில்லாத நிலையில், அரசு அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் அடுத்து வாங்கும் புதிய காரின் சாலை வரியில் சலுகை பெற வழி இருக்கிறது. ஒப்படைக்குமுன் ஆர்.சி. உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.